சென்னையா? பெங்களூரா? வேப்பம்பட்டில் இருந்து ஒரு பட்டிமன்றம்

சென்னை, பெங்களூர் சண்டை என்பது சிஎஸ்கே, ஆர்சிபி காலத்துக்கும் முந்தையது. கல்லூரி கேன்டீனில் இறுதியாண்டு மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், பட்டிமன்றம் தானாகத் தொடங்கிவிடும். பெங்களூர்க் கட்சிக்காரர் "கிளைமேட்" என்ற ஒரே வார்த்தையில் ஆட்டத்தை முடித்துவிடப் பார்ப்பார். சென்னைக் கட்சிக்காரர் "உங்க ஊர்ல கடல் இருக்கா?" என்று மடக்குவார். அடுத்து டிராஃபிக் வரும். அதற்கடுத்து சாம்பாரில் வெல்லம் போடும் பாவச்செயல் வரும். கடைசியில் தீர்ப்பே இல்லாமல் டீ மட்டும் ஆறிப்போகும்.

இந்தச் சண்டையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பேசுகிற எல்லோரும் இரண்டு ஊர்களின் நடுப்பகுதியைப் பற்றியே பேசுகிறார்கள். மெரினா, மயிலாப்பூர், தி.நகர் ஒரு பக்கம். எம்.ஜி. ரோடு, கப்பன் பார்க், இந்திரா நகர் மறுபக்கம். சரி, முதல் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கப் போகிறவர் இந்த இடங்களில் எங்கே குடியிருக்கப் போகிறார்? மயிலாப்பூர் வாடகை அவருக்குக் கட்டுமா? இந்திரா நகர் வாடகை கட்டுமா? அவர் குடியிருக்கப் போவது ஊரின் ஓரத்தில். சென்னை என்றால் வேப்பம்பட்டு, திருநின்றவூர், கூடுவாஞ்சேரி, மீஞ்சூர் மாதிரி ஓர் இடம். பெங்களூர் என்றால் ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம், பொம்மசந்திரா மாதிரி ஓர் இடம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எந்த ஊர் அழகு?" என்பது அல்ல. "எந்த ஊரின் ஓரத்தில் சாதாரணச் சம்பளக்காரர் கௌரவமாக வாழ முடியும்?" என்பதுதான். நகரத்தை அதன் ஓரத்தை வைத்து எடைபோட வேண்டும். நடுப்பகுதி எல்லா ஊரிலும் நன்றாகத்தான் இருக்கும்!

அரசாங்கமும் ஒருமுறை இந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவராக இருந்திருக்கிறது. மத்திய அரசின் 'எளிதாக வாழ உகந்த நகரங்கள்' பட்டியல் 2021 மார்ச்சில் வந்தது. மொத்தம் 111 நகரங்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் பெங்களூர் 66.70 மதிப்பெண்ணுடன் முதலிடம். சென்னை 62.61 வாங்கி நாலாவது இடம். கோவை ஏழாவது. இதைப் பார்த்ததும் பெங்களூர்க் கட்சி பட்டாசு வெடிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் எடைபோட்டது நகரங்களை. காலை ஏழு மணிக்கு அந்த நகரத்துக்குள் போக ஓரத்தில் காத்திருப்பவருக்கு அதில் தனி மதிப்பெண் இல்லை.

ஏன் வேப்பம்பட்டு?

நியாயமான கேள்வி. சென்னை சென்ட்ரலில் இருந்து சுமார் 35 கி.மீ. தள்ளி, திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் நடுவே உள்ள நிறுத்தம் வேப்பம்பட்டு. திருவள்ளூர் மாவட்டம். மின்சார ரயில் நிற்கும். எக்ஸ்பிரஸ் நிற்காது.

ஆனால் இந்த ஊருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. சென்ட்ரலில் கிளம்பி பெங்களூர் போகிற ரயில்கள் எல்லாம் இந்த வழியாகத்தான் பறக்கின்றன. 1964-ல் வந்த பிருந்தாவனும், 1992-ல் வந்த லால்பாக்கும், 2022 நவம்பரில் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத்தாக வந்த மைசூர் வண்டியும் இந்தத் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா ரோடு வரை போனதும் இதே தடத்தில்தான். 1864-ல் ரயில் பெங்களூர் கன்டோன்மென்ட் வரைக்கும் போய்விட்டது.

அதே தடத்தில் மறுகோடியில், பெங்களூர் போய்ச் சேருவதற்குச் சுமார் 25 கி.மீ. முன்னால் ஒயிட்ஃபீல்டு நிலையம் இருக்கிறது. ஆக ஒரே ரயில் தடத்தின் இரண்டு முனைகளில் இரண்டு நகரங்களின் இரண்டு ஓரங்கள். ஒப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்குமா?

சரி, சுற்றுகளை ஆரம்பிக்கலாம்.

முதல் சுற்று: வெயில்

இதில் வாதமே வேண்டாம். பெங்களூருக்கே புள்ளி. கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. அங்கே பதிவான உச்சபட்ச வெப்பம் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்டது. வேப்பம்பட்டுப் பக்கம் வந்தால் கடற்காற்றும் தாமதமாகத்தான் எட்டிப்பார்க்கும். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு நடைமேடையில் நிற்பவரிடம் போய் "சென்னைதான் பெஸ்ட்" என்று சொல்லிப் பாருங்கள், அடி நிச்சயம் :-)

ஆனால் ஒன்று. வெயிலுக்கு மின்விசிறி இருக்கிறது, நிழல் இருக்கிறது, மோர் இருக்கிறது. வருடத்தில் மூன்று நாலு மாதம் பல்லைக் கடித்தால் தீர்ந்துவிடும் தொல்லை அது. தினமும் இரண்டு வேளை வந்து நிற்கும் தொல்லைகள் வேறு இருக்கின்றன.

இரண்டாவது சுற்று: வேலை

இதிலும் பெங்களூர்தான் முன்னால். இன்ஃபோசிஸ் 1983-ல் புனேயில் இருந்து பெங்களூருக்குக் குடிவந்தது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அங்கே கடை விரித்தது. அதற்கும் முன்பே எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறைத் தொழிற்சாலைகள் 1940, 50-களிலேயே அங்கே வேர்விட்டு, பொறியாளர்கள் கூடும் ஊராக அதை மாற்றியிருந்தன. மென்பொருள் படித்த பையனுக்கு ஒரு கம்பெனி பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும் ஊர் அது. புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குப் பணம் போட ஆள் கிடைக்கும் ஊரும் அதுதான்.

சென்னையின் பலம் வேறு மாதிரி. 1955-ல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப்., ஆவடி டேங்க் தொழிற்சாலை, அம்பத்தூர் எஸ்டேட், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் பக்கத்தில் காக்களூர் என்று கையில் எண்ணெய் ஒட்டும் வேலைகள் இங்கே அதிகம். மெக்கானிக்கல், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவருக்குச் சென்னைதான் தாய்வீடு. மென்பொருள்காரருக்கும் இப்போது நிலைமை மெல்ல மாறுகிறது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறினால் சில நிறுத்தங்கள்தான்! ஆனாலும் ஒரு கட்டடத்தை வைத்துக்கொண்டு ஒயிட்ஃபீல்டையும் எலெக்ட்ரானிக் சிட்டியையும் எதிர்த்து வாதாட முடியாது. புள்ளி பெங்களூருக்கே.

இரண்டுக்கு இரண்டும் தோற்றாயிற்று. சென்னைக் கட்சி பெஞ்சில் இருந்து எழுந்து போக வேண்டாம். ஆட்டம் இனிமேல்தான்.

மூன்றாவது சுற்று: போக்குவரத்து

பீச், தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். திருவள்ளூர் தடம் 1979-ல் மின்மயம் ஆனது. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டு என்று மூன்று திசைகளிலும் சென்னை தன் கையை நீட்டி வைத்திருக்கிறது. வேப்பம்பட்டில் இருந்து சென்ட்ரல் போக இரண்டாம் வகுப்பு டிக்கெட் 10 ரூபாய். மாத சீசன் எடுத்தால் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நேரம் ஒரு மணிக்குச் சற்று முன்பின். வழியில் ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் என்று வேலை இருக்கிற இடங்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன.

இந்த 10 ரூபாயைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. காய்கறிக் கூடையோடு போகும் அம்மாவும், ஐ.சி.எஃப். தொழிலாளியும், பாரிமுனை துணிக்கடையில் நிற்கும் பெண்ணும், பொறியியல் மாணவரும் ஒரே பெட்டியில் போக வைப்பது இந்தக் கட்டணம்தான். வேப்பம்பட்டில் ஒரு மனை வாங்கி, கடன் கட்டி, சொந்த வீட்டில் இருந்துகொண்டு சென்னையில் வேலை பார்க்கும் குடும்பங்கள் எத்தனையோ. அந்த வீடுகளுக்கு அஸ்திவாரம் செங்கல் அல்ல, இந்த ரயில்.

பெங்களூரில் என்ன நிலைமை? 148 கி.மீ. நீளத்துக்கு நாலு தடங்களில் புறநகர் ரயில் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2020 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. 2022 ஜூனில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். சென்னை 1931-ல் தொடங்கியதை பெங்களூர் தொண்ணூறு வருடம் கழித்துத் தொடங்குகிறது! தடம் 1864-லேயே வந்துவிட்டது. அதில் உள்ளூர்க்காரர் ஏறிப்போக வண்டி ஏற்பாடு செய்யத்தான் ஆள் இல்லை.

நடுநிலை தவறக்கூடாது, ஆகவே மெட்ரோவையும் சொல்லியாக வேண்டும். பெங்களூர் மெட்ரோ 2011-ல் வந்தது. சென்னை மெட்ரோ நாலு வருடம் கழித்து 2015-ல்தான். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா தடம் திறந்தபோது பெங்களூர் மெட்ரோவின் நீளம் சுமார் 96 கி.மீ. ஆனது. சென்னையின் முதல் கட்டம் முழுவதும் சேர்த்தாலும் 54 கி.மீ.தான். மெட்ரோ ஓட்டத்தில் பெங்களூர் முந்துகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஐ.டி. கம்பெனிகள் குவிந்த ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோ போய்ச் சேர்ந்தது 2023 மார்ச்சில். அதுவும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு! அந்த இடைவெளியை அடைக்க அக்டோபர் வரை ஆனது. கட்டணமும் 2025 பிப்ரவரியில் உயர்ந்து, அதிகபட்சம் 90 ரூபாய் ஆனது. போக 90, வர 90. மாதம் 25 நாள் என்றால் கணக்கு 4,500. ஆரம்பச் சம்பளக்காரருக்கு இது சின்னத் தொகை இல்லை.

ரயில் இல்லாத இடத்தில் எல்லோரும் சாலைக்கு வருகிறார்கள். டாம்டாம் நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெங்களூர் நகர மையத்தில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 29 நிமிடங்களுக்கு மேல் ஆனது. உலகப் பட்டியலில் லண்டனுக்கு அடுத்த இடம். பெங்களூர்வாசிகள் ஏன் டிராஃபிக் ஜோக் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது இப்போது புரியும். அடிக்க நேரம் இருக்கிறது!

சென்னைக் கட்சி இங்கே ஒரேயடியாகத் துள்ளக்கூடாது. வேப்பம்பட்டில் இருந்து ஓ.எம்.ஆர். போகிறவரின் கதையைக் கேளுங்கள். சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் திருவான்மியூர் டைடல் பார்க் வரை ஒருவழியாகப் போய்விடலாம். சோழிங்கநல்லூர், சிறுசேரி என்றால் அதற்குமேல் பஸ்தான். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி என்று ஆயுளில் பாதி ஜன்னலோரத்தில் போய்விடும். ஊரின் வடமேற்கு ஓரத்தில் வீட்டையும் தென்கிழக்கு ஓரத்தில் வேலையையும் வைத்தது சென்னையின் பெரிய தவறு.

இருந்தும் இந்தச் சுற்றில் புள்ளி சென்னைக்கே. சொந்த வண்டி இல்லாதவரையும் மதிக்கிற நகரம் எதுவோ, அதுதான் வாழத்தக்க நகரம்.

நாலாவது சுற்று: தண்ணீர்

"சென்னையில் தண்ணியே கிடையாது" என்று பெங்களூர்க் கட்சி பல வருடங்களாகக் கேலி பேசியது. 2019 கோடையில் அந்தக் கேலி நிஜமாகவே வலித்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த ரயில் எந்த வழியாக வந்தது? வேப்பம்பட்டு வழியாகத்தான். எக்ஸ்பிரஸ் போலவே தண்ணீர் ரயிலும் இங்கே நிற்காமல் போயிற்று!

அந்தத் தண்ணீர் எந்த ஆற்றுத் தண்ணீர் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. காவிரி. மேட்டூரில் இருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஜோலார்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏறியது. பெங்களூர் குடிப்பதும் அதே காவிரிதான். சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கும் தொரேகாடனஹள்ளியில் இருந்து ஏறக்குறைய அரை கி.மீ. உயரத்துக்கு அதை ஏற்றுகிறார்கள். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது பெங்களூரின் குடிநீருக்கென்றே 4.75 டி.எம்.சி. ஒதுக்கியது. சண்டை போடும் இரண்டு ஊர்களும் ஒரே ஆற்றில் வாய் வைத்துக் குடிக்கின்றன என்பது எவ்வளவு பெரிய முரண்!

2024 பிப்ரவரி, மார்ச்சில் கேலி திரும்பி வந்தது. பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. அடுக்குமாடிகளில் தண்ணீருக்கு ரேஷன் வந்தது. அதிகம் அடிபட்டது எந்தப் பகுதி? மறுபடியும் ஓரங்கள்தான். மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டும் காவிரிக் குழாய் போய்ச் சேராத 110 கிராமங்கள். அவற்றுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது.

சென்னை 2019-க்கு முன்பே சில பாடங்கள் படித்திருந்தது. 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர் 1996-ல் தமிழக எல்லைக்கு வந்து பூண்டியை எட்டியது. 2004-ல் வீராணம் வந்தது. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. நெம்மேலியில் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறந்தது. பெங்களூருக்கு எட்டாத வழி இது. மலை மேல் உள்ள ஊருக்குக் கடல் ஏது?

ஆனால் வேப்பம்பட்டில் நின்று பார்த்தால் இந்த வெற்றியில் ஒரு கசப்பும் தெரிகிறது. பூண்டி ஏரி திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. புழலும் சோழவரமும் இதே மாவட்டம்தான். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து நிலத்தடி நீரும் பல பத்தாண்டுகளாகச் சென்னைக்குப் போயிருக்கிறது. மாவட்டம் தண்ணீர் கொடுக்கிறது, நகரம் குடிக்கிறது. கொடுத்த மாவட்டத்தின் வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் வாசலில் கேன் தண்ணீரும்தான். 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யில் இருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரித்தார்கள். வரைபடத்தை விரிப்பது சுலபம். அதே வேகத்தில் குழாயையும் சாக்கடையையும் விரித்தால்தான் அது நகரம்.

இந்தச் சுற்றில் அரைப்புள்ளி வித்தியாசத்தில் சென்னை. மழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது என்பதற்காக.

ஐந்தாவது சுற்று: வெள்ளம்

இது சட்டென்று முடியும் சுற்று. இரண்டு ஊரும் ஃபெயில்.

சென்னைக்கு 2015 டிசம்பர் அடையாறு வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் போதும். மிக்ஜாமின்போது பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி இடையே உள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் சென்ட்ரல் ரயில்கள் ரத்தாயின. வேப்பம்பட்டுக்காரர் நம்பியிருக்கும் ஒரே கயிறு அன்றைக்கு அறுந்தது. கடலே இல்லாத, மலை மேல் இருக்கும் பெங்களூர் 2022 செப்டம்பரில் மூழ்கியது. வெளிவட்டச் சாலையில் ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். காரணம் இரண்டு ஊரிலும் ஒன்றே. ஏரியில் வீடு கட்டினால் ஏரி தன் வீட்டைத் தேடி வரும்.

ஆறாவது சுற்று: மொழியும் சோறும்

பெங்களூர் தமிழருக்கு அந்நிய ஊர் அல்ல. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் அங்கே தமிழர்கள் தாக்கப்பட்டதையும், தமிழக வண்டிகள் எரிந்ததையும் மறைக்க முடியாது. அல்சூர் ஏரிக்கரையில் 1991-ல் அமைத்த திருவள்ளுவர் சிலை 18 வருடம் சாக்குத்துணிக்குள் இருந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அது திறக்கப்பட்டது. நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலை திறக்கப்பட்டது. சிலைகள் திறந்த பிறகாவது மனங்கள் திறக்கட்டும்.

அங்கே போகிறவர் கன்னடம் கற்றுக்கொள்வது கடமை, பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. சென்னையும் தன் முதுகைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் பீகார், ஒடிசா இளைஞர்களை இந்த ஊர் எப்படி நடத்துகிறது? ஒரே அறையில் பத்துப் பேர் படுத்து எழும் அவர்களிடம் போய் "வந்தாரை வாழவைக்கும் சென்னை" என்று சொல்ல முடியுமா?

சோற்று விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்த்துக் கற்றிருக்கின்றன. சென்னையில் 2013-ல் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் வந்தது. அதைப் பார்த்து 2017 ஆகஸ்டில் பெங்களூரில் இந்திரா கேன்டீன் வந்தது. பெண்களுக்கு இலவசப் பஸ் தமிழகத்தில் 2021-ல், கர்நாடகத்தில் 2023-ல். போட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும்! சாம்பாரில் வெல்லம் மட்டும் மன்னிக்கப்படாது :-)

இந்தச் சுற்று டிரா.

கூட்டல் கழித்தல்

இப்போது கேன்டீன் பெஞ்சுக்கே திரும்பலாம். வேப்பம்பட்டில் வீடு உள்ள ஒரு மாணவிக்கு இரண்டு வேலைக் கடிதங்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூரில் மாதம் 25 ஆயிரம். ஒயிட்ஃபீல்டில் 35 ஆயிரம். "பத்தாயிரம் அதிகம்டி, கண்ணை மூடிக்கிட்டு பெங்களூர் போ" என்பார்கள் தோழிகள்.

கண்ணைத் திறந்துகொண்டு ஒரு கணக்குப் போட்டால்? விடுதி வாடகையும் சாப்பாடும் பத்தாயிரம் என்று வைத்தாலே அந்த அதிகச் சம்பளம் அங்கேயே கரைந்தது. உள்ளூர்ப் பயணத்துக்கு இரண்டு மூவாயிரம். மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் செலவு. தனி வீடு எடுத்தால் முன்பணம் வேறு. இங்கேயோ சீசன் டிக்கெட், வீட்டுச் சாப்பாடு. வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தாலும் மாதக் கடைசியில் கையில் நிற்பது அம்பத்தூர் சம்பளத்தில்தான் அதிகம்.

இந்தக் கணக்கில் வராத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஐந்து வருடம் கழித்து வரும் சம்பளம். அதில் பெங்களூர் முந்தலாம். மற்றொன்று சுதந்திரம். வீட்டின் கண்பார்வையைத் தாண்டி ஒரு பெண் தன் காலில் நிற்பதற்கு மாதம் இத்தனை ரூபாய் என்று யாரும் விலை போட முடியாது. அதற்காகப் பெங்களூர் போகிறார் என்றால் மனதார வாழ்த்தி அனுப்பலாம். ஆனால் வெறும் பத்தாயிரத்துக்காகவும் கிளைமேட்டுக்காகவும் போகிறார் என்றால், அவர் கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது.

தீர்ப்பு

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது பழமொழி. பட்டணம் சேர்வது சரி, எந்தப் பட்டணம் என்றுதான் கேள்வி. சம்பாதிக்கவும் மேலே ஏறவும் பெங்களூர். வண்டி இல்லாமல், பெரிய சம்பளம் இல்லாமல், ஒரு குடும்பமாக வாழச் சென்னை. நகரத்தை ஓரத்தை வைத்து எடைபோட வேண்டும் என்று தொடங்கிய இந்தப் பட்டிமன்றத்தின் தீர்ப்பு சென்னைக்கே.

ஆனால் கைதட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம். சென்னை ஜெயித்தது இன்றைய சாமர்த்தியத்தால் அல்ல. 1856-ல் போட்ட தண்டவாளமும், 1931-ல் தொடங்கி 1979-ல் இந்தப் பக்கம் வந்த மின்சாரக் கம்பியும்தான் அதை ஜெயிக்க வைத்தன. அது தாத்தா சேர்த்து வைத்த சொத்து. பேரன் உட்கார்ந்து சாப்பிட்டால் எத்தனை நாள் வரும்? பெங்களூரோ இப்போதுதான் சம்பாதிக்க ஆரம்பித்திருக்கிறது. அதன் 148 கி.மீ. புறநகர் ரயில் முழுதாக ஓடத் தொடங்கும் நாளில் இந்தத் தீர்ப்பை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

சொத்தைப் பேரன் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பதற்கு வேப்பம்பட்டிலேயே சாட்சி இருக்கிறது. இங்கே ரயில்வே மேம்பாலம் வருடக்கணக்கில் அரைகுறையாக நின்றது. எக்ஸ்பிரஸ் வண்டிகள் பறக்கும் தண்டவாளத்தை மக்கள் நடந்து கடந்தார்கள், உயிர்களும் போயின. பெங்களூருக்குப் போகிறவர் நூறு கி.மீ. வேகத்தில் கடக்கும் அந்தச் சில நொடிகள், தண்டவாளத்தின் ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் பள்ளிக்கூடமும் உள்ளவருக்கு உயிர்ப்பிரச்சினை.

ஆகவே அடுத்த முறை "எந்த ஊர் பெஸ்ட்?" என்று யாராவது கேட்டால், மெரினாவையும் கப்பன் பார்க்கையும் காட்டாதீர்கள். மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு? குழாயில் தண்ணீர் வருகிறதா? நிலையத்தில் இருந்து வீட்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் பயமில்லாமல் நடக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் தன் ஓரங்களில் "ஆமாம்" சொல்லும் ஊர் எதுவோ, அதுவே வெல்லட்டும். சென்னைக்கு இப்போது கிடைத்திருப்பது பாஸ் மார்க்தான். முதல் வகுப்புக்கு இன்னும் நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது!